நங்கூரம், போர்ச்சுகல் நாட்டு இசைக்குழு

1995 ஜனவரி 8, ஞாயிறு

புது டைரி. முதலில் ஆட்களை எழுதிவிடுகிறேன்.

எங்கள் குழுவின் பெயர் நங்கூரம். ஹெவி மெட்டல், அதுவும் தமிழில். தூத்துக்குடியில் மட்டுமல்ல, எனக்குத் தெரிந்து எந்த ஊரிலும் இப்படி வேறு யாரும் இல்லை. என் அண்ணன் லியோன் கொரைரா பாடுவான். பாடுவது என்றால் மைக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு உறுமுவது. பேஸ் கிட்டார் கிளாடியஸ் மச்சாடோ, பகலில் மீன்பிடி போட் இஞ்சின் பட்டறையில் இருப்பான். டிரம்ஸ் நான், ஜெசிந்தா. பகலில் எறால் கம்பெனியில் ஐஸுக்குள் கையை விட்டுத் தரம் பிரிக்கிற வேலை. லீட் கிட்டார் இசக்கிமுத்து. மைக் செட் கடை மெக்கானிக். பாட்டெழுதுவது, மெட்டுப் போடுவது, ஆம்ப்ளிஃபயர் கட்டுவது எல்லாம் அவன்தான். ஆள் பேச மாட்டான். கிட்டார்தான் பேசும்.

மாதா கோயிலில் பூசை முடிந்து நேரே உப்பு மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கிக்குப் போனோம். போன வருடம் மாதா கெபித் திருவிழாவில் மூன்றாவது பாட்டு நடுவில் ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். பேய் ஓட்டுகிற சத்தம் என்று ஒரு பெரியவர் சொன்னாராம். அன்றிலிருந்து எங்களுக்கு மேடை கொடுக்க ஆளில்லை. மச்சாடோவின் மாமா இந்தக் காலிக் கிட்டங்கியைத் தந்தாரோ, பிழைத்தோமோ. உப்புக் காற்றில் கிட்டார் கம்பி ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும். ஆனால் எவ்வளவு சத்தம் போட்டாலும் கேட்பதற்குக் காக்கா மட்டும்தான்.

இன்றைய சேதி: லியோனுக்குக் கப்பல் வேலை வந்துவிட்டது. பிப்ரவரி பதினைந்து, பம்பாயில் ஏற வேண்டும். நான்கு வருடம் உயிரைக் கொடுத்துப் பழகியிருக்கிறோம். ஒரு நல்ல மேடையில் எங்கள் பாட்டை முழுதாக வாசித்ததில்லை. அவன் கப்பல் ஏறுவதற்குள் ஒரு மேடை. வாசிக்காமல் விடப்போவதில்லை.

ஜனவரி 11, புதன்

மேடை கிடைத்துவிட்டது. மெட்ராஸில் படிக்கும் எங்கள் பெரியம்மா மகன் எங்கள் கேசட்டை அங்கே ஒரு கல்லூரியின் கலைவிழாச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறான். அந்தச் செயலாளர் பெயர் ரகோத்தமன். இன்று எஸ்.டி.டி. பூத்தில் லியோன் அவனோடு பேசினான். இங்கிலீஷ், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. கொரைரா, மச்சாடோ எல்லாம் என்ன பெயர் என்று அவன் கேட்டிருக்கிறான். "போர்ச்சுகீஸ் நேம்ஸ். ஃபோர் ஹன்ட்ரட் இயர்ஸ்," என்றான் லியோன்.

எங்கள் கடற்கரை ஆட்களுக்கு இது ஒரு வியாதி. யாராவது பெயரைப் பற்றிக் கேட்டால் போதும், போர்ச்சுகல் ராஜா நம் வீட்டில் கஞ்சி குடித்துவிட்டுப் போன மாதிரி ஆரம்பித்துவிடுவோம். ஏதோ ஒரு முப்பாட்டனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த போர்ச்சுகீசியர் தன் பெயரை ஒட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான் கதை.

பிப்ரவரி நான்கு, சனிக்கிழமை. அரை மணி நேரம் தருகிறார்களாம். மச்சாடோ கிட்டங்கியைச் சுற்றி ஓடினான்.

ஜனவரி 12, வியாழன்

எறால் இரண்டு லாரி. விரல் மடங்கவில்லை. மடங்காத விரலோடும் ஒரு மணி நேரம் வாசித்தேன்.

ஜனவரி 17, செவ்வாய்

பெரியம்மா மகன் போன் பண்ணினான். சிரித்துச் சிரித்து அவனுக்குப் பேச்சே வரவில்லை. மெட்ராஸில் சுவரெல்லாம் போஸ்டராம். "போர்ச்சுகலிலிருந்து முதன்முறையாக, நங்கூரம்."

கிட்டங்கியில் இதைச் சொன்னதும் மச்சாடோ தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏல லியோன், நாம போர்ச்சுகல்லா?"

"நான் பேரைத்தாம்ல சொன்னேன். அவன் ஆளையே சொல்லுதேன்னு நெனச்சுட்டான்."

"கேசட்டுல நீ பாடுறது தமிழ்னு கூடவா தெரியல?" என்று கேட்டேன்.

"எனக்கே தெரியாதுட்டி," என்றான் மச்சாடோ. "நாலு வருசமா கூட நிக்கேன், ரெண்டாவது பாட்டுல என்ன சொல்லுதான்னு இன்னும் புரியல."

நான் திருத்திச் சொல்லிவிடலாம் என்றேன். லியோன் அதற்குள் விசாரித்து வைத்திருந்தான். உள்ளூர்க் குழு என்றால் மத்தியானம் பத்து நிமிடம், அதுவும் இங்கிலீஷ் பாட்டு மட்டும். தமிழ் என்றால் சினிமாப் பாட்டு என்று அவர்கள் கணக்கு. வெளிநாட்டுக் குழுவுக்குத்தான் சாயங்காலம் அரை மணி.

"பாட்டு நம்ம பாட்டுத்தான். ஒரு எழுத்து மாத்த வேண்டாம்," என்றான் லியோன். "நான் கத்துறது யாருக்கும் புரியாது. எறங்குற வரைக்கும் யாரும் தமிழ்ல வாயத் தெறக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"கலரு?" என்றான் மச்சாடோ, தன் கையைப் பார்த்துக்கொண்டு.

"போர்ச்சுகல்லயும் வெயிலு உண்டும்ல."

நானும் சிரித்தேன். பிறகு இசக்கியின் பெயர் வந்தது. ரகோத்தமன் கேட்டானாம், அதென்ன இசக்கி, அது போஸ்டருக்குப் பொருந்தவில்லையே என்று. லியோன் யோசிக்காமல் ஐசக் என்று சொல்லிவிட்டானாம். ஐசக் முத்தோ.

இசக்கி ஆம்ப்ளிஃபயரில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "பேருதான. போட்டுக்கிடுங்க," என்றான்.

எனக்கு என்னவோ போலிருந்தது. மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை, அதனாலிருக்கும்.

ஜனவரி 19, வியாழன்

இசக்கி பயிற்சிக்கு வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லியனுப்பினான். பொய். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு அது. லீட் கிட்டார் இல்லாமல் டிரம்ஸ் வாசிப்பது குழம்பில்லாமல் வெறுஞ்சோறு தின்பது போல. அதனால்தான் எரிச்சல். வேறொன்றும் இல்லை.

ஜனவரி 20, வெள்ளி

இன்றும் வரவில்லை. மைக் செட் கடை வழியாக வீட்டுக்கு வந்தேன். சுற்று வழிதான். சைக்கிளுக்குக் காற்றடிக்க வேண்டியிருந்தது.

ஜனவரி 22, ஞாயிறு

வந்தான். எல்லாவற்றையும் சரியாக வாசித்தான். ஒரு பிசகு இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எப்போதும் அவன் என்னை முந்திக்கொண்டு ஓடப் பார்ப்பான், நான் இழுத்துப் பிடிப்பேன். நங்கூரத்தின் வாசிப்பே அந்த இழுபறிதான். இன்று எனக்கு இழுத்துப் பிடிக்க ஒன்றுமில்லை. பிணம் வாசித்தால் இப்படித்தான் வாசிக்கும்.

லியோன் மட்டும் "பிரமாதம்ல" என்றான். அவன் மனசு ஏற்கெனவே மெட்ராஸ் போய்விட்டது.

ஜனவரி 26, வியாழன்

குடியரசு தினம், கம்பெனி லீவு. மைக் செட் கடைக்குப் போனேன். பள்ளிக்கூடங்களில் கொடியேற்றம் முடிந்து குழாய் ஸ்பீக்கர்கள் திரும்பிவந்துகொண்டிருந்தன. இசக்கி வயர் சுற்றிக்கொண்டிருந்தான். நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"இஷ்டமில்லன்னா சொல்லு. அண்ணன்ட்ட நான் பேசுதேன்."

"லியோன் அண்ணனுக்கு இருக்குறது இந்த ஒரு மேடதான் ஜெசி. அதக் கெடுக்க மாட்டேன்."

"பெறகு ஏன் பிணமாட்டம் வாசிக்க?"

கையிலிருந்த வயரைச் சுற்றி முடித்தான். பிறகு சொன்னான். இவனுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளையும் தங்கவில்லையாம். நான்காவது இவன். இசக்கியம்மன் கோயிலில் தொட்டில் கட்டி, விழுந்து கிடந்து, இவனுடைய அம்மா அந்தப் பெயரை வைத்தாளாம்.

"இப்பமும் வாசல்ல நின்னு சும்மாவே கூப்பிடுவா. வேல ஒண்ணும் இருக்காது. உசுரோட இருக்கேனான்னு பாக்கத்தான். அரை மணி நேரம் வேற பேருல நின்னா ஒண்ணும் ஆயிராது, தெரியும். ஆனா ஐசக்குன்னு நெனச்சாலே கை ஓட மாட்டேங்கு."

நான்கு வருடத்தில் அவன் இவ்வளவு பேசியதில்லை. நான் இரண்டு கட்டு வயரைச் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். கூலியில்லாத வேலை. பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ, நினைக்கட்டும்.

சாயங்காலம் லியோனிடம் சண்டை போட்டேன்.

"ஒம்பது மாசம் இஞ்சின் ரூமுக்குள்ள கெடக்கப் போறேன்ட்டி," என்றான். "அதுக்கப்பறமும் கப்பல்தான். அப்பா மாதிரித்தான். ஒரே ஒரு தடவ, ஒரு கூட்டம் நம்ம பாட்டக் கேக்கட்டும். யாருன்னு வேணாலும் நெனச்சுக்கிடட்டும்." அவன் கண் கலங்கியிருந்தது. இவனை அடிப்பதா, இவனுக்காக அழுவதா என்று தெரியவில்லை.

மேடை ஏறியே தீருவோம். அதில் மாற்றமில்லை. மற்றதை மேடையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஜனவரி 31, செவ்வாய்

டிரம்ஸின் இரட்டைப் பெடல் சங்கிலி அறுந்தது. மச்சாடோ சைக்கிள் செயினை வெட்டிப் போட்டுத் தந்தான். முன்னைவிட நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 2, வியாழன்

நாளை ரயில். அம்மா புளிச்சோறு கட்ட மிளகாய் வறுத்தாள், தெருவே இருமியது. "அந்த மைக் செட்டுப் பையனுக்கும் சேத்தாட்டி?" என்று கேட்டாள். நான்கு பேருக்கும் என்றேன். "அவனுக்குன்னு தனியாக் கேட்டேன்," என்றாள். எதற்கு அப்படிக் கேட்டாள் என்று விளங்கவில்லை.

பிப்ரவரி 4, சனி, மத்தியானம்

கல்லூரியில் ஒரு மரத்தடியில் இருந்து எழுதுகிறேன்.

ரகோத்தமன் வந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை. எங்கள் நாலு பேரையும் பார்த்தான். புளிச்சோற்று மூட்டையைப் பார்த்தான். பெடலைக் கட்டியிருந்த சாக்கைப் பார்த்தான். "யூ ஆர் ஃப்ரம் போர்ச்சுகல்?" என்று இழுத்தான். லியோன் கோவா பக்கம் என்று ஏதோ ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்து மச்சாடோ, "ஏல, இங்க ஒண்ணுக்கு எங்கன போவ?" என்றான்.

ரகோத்தமன் கண்ணை மூடிக்கொண்டான். திறக்கும்போது வேறு ஆளாகியிருந்தான்.

"இங்க பாருங்க. போஸ்டர் ஒட்டியாச்சு. பணம் போட்டவங்க முன் வரிசையில உக்காந்திருக்காங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் ஒண்ணும் கேக்கல. ஆனா மேடையில ஒரு வார்த்தை தமிழ் வந்துச்சு, மெயினை ஆஃப் பண்ணிடுவேன். சொல்லிட்டேன்."

"வராது சார்," என்றான் லியோன்.

இசக்கி மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சோற்றில் கை வைக்கவில்லை. நானும் சாப்பிடவில்லை. பசியில்லை.

பிப்ரவரி 5, ஞாயிறு, ரயிலில்

ரயில் ஆடுகிறது. எழுத்து கோணினாலும் எழுதத்தான் போகிறேன்.

ஆறு மணிக்கு மேடை ஏறினோம். மூவாயிரம் பேர் இருக்கும். அறிவிக்கிற பெண் ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். லியோன் கையைத் தூக்கினான். மச்சாடோ இடுப்பை வளைத்து வணக்கம் போட்டான், போர்ச்சுகல்லில் அப்படித்தான் என்று யார் சொன்னார்களோ. "ஐசக் முத்தோ" என்றதும் கூட்டம் கத்தியது. இசக்கி கையைத் தூக்கவில்லை. பின்னால் திரும்பி என்னைப் பார்த்தான். யாரையோ கூப்பிடுகிறார்கள், அந்த ஆளைக் காணோமே என்கிற மாதிரி.

மூன்று பாட்டு வாசித்தோம். ஒன்றும் கெடவில்லை. கூட்டம் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டியது. லியோன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், நான் பார்த்ததே இல்லை. இசக்கி மட்டும் கீழே பார்த்துக்கொண்டு சரியாக, பிணமாக வாசித்தான். மூன்றாவது முடிந்ததும் முன் வரிசைப் பையன்கள் "ஐசக், ஐசக்" என்று தாளம் போட ஆரம்பித்தார்கள். கூட்டம் முழுவதும் பிடித்துக்கொண்டது. அவன் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். அடி வாங்குகிற மாட்டை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சேர்ந்து கத்துவதற்காக எனக்கும் ஒரு மைக் வைத்திருந்தார்கள். அதை இழுத்தேன்.

"அவன் பேரு ஐசக் இல்ல," என்றேன். "இசக்கிமுத்து. நாங்க தூத்துக்குடிக்காரங்க. இவ்வளவு நேரம் நீங்க தலையாட்டுனது தமிழுக்கு. எல்லாம் இவன் எழுதுனது. அடுத்த பாட்டும் தமிழ்தான்."

கூட்டம் கப்பென்று அடங்கியது. லியோன் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்காமல் குச்சியைத் தட்டி ஆரம்பித்துவிட்டேன். அடுத்த நொடி இசக்கியின் கிட்டார் என்னை முந்திக்கொண்டு பாய்ந்தது. ஆள் வந்துவிட்டான். நான் இழுத்துப் பிடித்தேன். ஒரு சுற்றுக்கூட முழுதாக வந்திருக்காது, மெயினை அணைத்துவிட்டார்கள்.

கரண்ட் இல்லாத கிட்டார் சீப்பை நிரடுகிற மாதிரிதான் சத்தம் போடும். லியோனின் உறுமல் மைக்குக்குள்தான் உறுமல், மைக் இல்லாவிட்டால் வெறும் இருமல். எல்லாம் செத்தது. டிரம்ஸுக்குக் கரண்ட் தேவையில்லை. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால்தானே தோற்போம்.

ரகோத்தமன் ஓரத்தில் நின்று கையை ஆட்டினான். கூட்டத்தில் பாதி எழுந்தது, யாரோ ஒரு பேப்பர் கப்பை எறிந்தார்கள். அப்போது இசக்கி கிட்டாரைக் கழற்றித் தரையில் வைத்தான். மேடை விளிம்புக்குப் போனான். பந்தக்கால் உச்சியில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு கீழே இருப்பவனைக் கூப்பிடுகிற தொண்டை அது. அந்தத் தொண்டையைத் திறந்து, பேச்சே வராத அந்த ஆள், பாடினான்.

வெள்ளை மலை குவிச்சோம்
வெயிலத் தின்னு செமிச்சோம்
காலு வெடிச்ச கணக்கைக் கேக்கக்
கடலே எழுந்து வா

நான்கு வருடமாக வாசித்த பாட்டு. அதன் சொற்கள் தெளிவாக என் காதில் விழுந்தது நேற்றுத்தான். உப்பளத்தில் வேலை பார்க்கும் அவன் அம்மாவுக்கு எழுதியது என்று நேற்றுத்தான் புரிந்தது. வாசித்துக்கொண்டே அழுதேன். எழுந்தவர்களில் சிலர் நின்றார்கள். பின்னால் டீக்கடை போட்டிருந்தவர்கள் கரண்டியோடு முன்னால் வந்தார்கள். இரண்டாவது தடவை "கடலே எழுந்து வா" வரும்போது நாலைந்து குரல் சேர்ந்தது. மூன்றாவது தடவை எத்தனை என்று தெரியாது, எனக்கு என் டிரம்ஸே கேட்கவில்லை. மச்சாடோ செத்துப்போன ஸ்பீக்கர் பெட்டியை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தான். லியோன் இசக்கியின் பக்கத்தில் போய் நின்று, உறுமாமல், சின்ன வயதில் கோயிலில் பாடுவானே, அந்தக் குரலில் பாடினான்.

பிறகு எங்களைப் பின்வாசல் வழியாக அனுப்பினார்கள். இரவுச் சாப்பாடு கிடையாது என்றார்கள். எழும்பூர் வரும்வரை லியோன் பேசவில்லை. பிளாட்பாரத்தில் இசக்கியின் தோளில் கை போட்டு, "ரெண்டாவது வரில சுருதி எறங்கிட்டுல," என்றான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இசக்கிக்குத் தொண்டை அடியோடு போய்விட்டது. ஒரு சொல் வரவில்லை. ஜன்னலோரம் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அவனால் பேச முடியாது என்பதால் நானே பேச வேண்டியதாயிற்று.

"எனக்கு ஒன்னயப் பிடிச்சிருக்கு. நாலு வருசமா. நீ வராத அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. பயிற்சி கெட்டதுக்காவ இல்ல."

வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. தலையை ஆட்டினான். ஒரு தடவை ஆட்டினால் போதாதா. ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"போதும்ல, கழுத்து சுளுக்கிரும்," என்றது மேல் பலகை. லியோன் தூங்கவில்லை. கொஞ்சம் கழித்து, "அம்மாட்ட நான் சொல்லட்டா ஜெசி? கப்பல் ஏறதுக்குள்ள," என்றான்.

"வேண்டாம்ணே. நானே சொல்லுதேன்."

பிப்ரவரி 8, புதன்

மூன்று நாள் தள்ளிப் போட்டேன். மூவாயிரம் பேரிடம் ஒரு மூச்சில் சொன்னவள், ஒரு அம்மாவிடம் சொல்ல மூன்று நாள்.

அம்மா குசினியில் ஊளி மீன் அரிந்துகொண்டிருந்தாள். சொன்னேன். கத்தி நிற்கவில்லை.

"தெரியும்," என்றாள். "நல்ல பையன்தான். வேதம்தான் வேற. பங்குச் சாமியார்ட்டப் பேசுதேன். ஞானஸ்நானம் எடுத்துக்கிடட்டும், வேதப் புஸ்தகத்துலயே நல்ல பேராப் பாத்து வச்சிருவோம். ஐசக்குன்னு வச்சா என்ன? கூப்பிடவும் லேசு."

லியோன் கூடத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் கை அப்படியே நின்றது எனக்குத் தெரிந்தது.

"அந்தப் பேரு வேண்டாம்னு ஊரு முன்னால சொல்லிட்டு வந்திருக்கேன்மா. அதுக்காவ கரண்ட அணைச்சாங்க. அப்பமும் நான் நிறுத்தல."

"அப்ப கலியாணம் எந்தக் கோயில்லயாம்?"

"தெரியாது. எங்கன வச்சாலும் பேரு மாறாது."

அம்மா மீனுக்குத் திரும்பினாள். தலைத்துண்டை ஒதுக்கினாள், வாலை ஒதுக்கினாள். நல்ல நடுத்துண்டாக இரண்டை எடுத்துத் தனிச்சட்டியில் போட்டாள். அதற்கு மிளகைத் தட்டச் சொன்னாள். வீட்டில் யாருக்கும் சளியில்லையே, யாருக்கு என்று கேட்டேன்.

"தொண்ட போயிட்டுன்னு லியோன் சொன்னான்லா. ஆறுறதுக்குள்ள கொண்டு குடுத்துட்டு வா."

"யாருக்குமா?"

அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இசக்கிமுத்துக்கு," என்றாள்.